தலைதீபாவளிக்குச் சாப்பிடாத மாப்பிள்ளை

கல்யாணம் முடிந்து உத்திரமேரூரில் தனிக்குடித்தனம் வைத்த முதல் காலை, என் வீட்டுக்காரர் தன் பையைத் திறந்து சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்றை எடுத்துச் சமையல் மேடைமேல் வைத்தார். வெங்காய வியாபாரம் ஏதாவது ஆரம்பிக்கப் போகிறோமா என்று கேட்டேன்.

"சோறு எட போடறதுக்கு" என்றார்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வடித்த சோற்றைக் கிண்ணத்தில் போட்டு, தராசில் வைத்து, இரண்டு பருக்கை கூடப் போனது என்று எடுத்துத் திரும்பச் சட்டியில் போட்டார். அன்றைக்கே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதி விளங்க ஒரு வருடம் பிடித்தது.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை என்றார்கள். ஜிம்முக்கும் போவார், கெட்ட பழக்கம் கிடையாது என்றார்கள். அம்மா இல்லாத பையன், மாமியார் தொல்லையும் இல்லை என்று எங்கள் அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மாமியார் இருந்த இடத்தில் ஒரு தராசு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

விடிவதற்கு முன்னால் எழுந்து ஜிம்முக்குப் போவார். கடைத்தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதுதான் ஜிம். அங்கிருந்து வந்ததும் குளியல், எடை போட்ட சாப்பாடு, கம்பெனி பஸ். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்கு வர மாட்டார், நேரே கொட்டகைக்குத்தான். காய்ச்சல் அடித்தால் போக மாட்டார் என்று நினைத்தேன். போனார். மழை என்றால் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு போனார். என் சித்தி மகள் கல்யாணத்தன்றும் முகூர்த்தத்துக்கு முன்னால் போய்விட்டு வந்து, பட்டு வேட்டியில் வியர்வை வழிய என் பக்கத்தில் நின்றார். போட்டோவில் இன்றைக்கும் பார்க்கலாம், எல்லாரும் பன்னீர் தெளித்தது போல இருக்கிறார்கள், இவர் மட்டும் மாடு விரட்டிவிட்டு வந்தவர் போல இருக்கிறார்.

முட்டைக் கதை தனி. வெள்ளைக்கரு மட்டும் அவருக்கு. மஞ்சள்கருவை என்ன செய்வது? முதலில் நானே சாப்பிட்டேன், பிறகு கொத்தி வறுத்தேன், பிறகு பார்த்தாலே குமட்டியது. கடைசியில் தெரு நாய்களுக்கு வைக்க ஆரம்பித்தேன். எங்கள் தெரு நாய்களின் மினுமினுப்பைப் பார்த்து, எந்தக் கடையில் தீனி வாங்குகிறீர்கள் என்று பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கேட்டே விட்டார்.

நான் வாய் சும்மா இருக்கிறவள் அல்ல. "இப்டி வயித்தக் கட்டி வாயக் கட்டி இன்னாத்தக் கண்டீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். சண்டைக்குத்தான் கேட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை.

"கம்பெனில மணி அடிச்சா நிக்கணும், மணி அடிச்சா நடக்கணும். சின்ன வயசுல எங்கண்ணன் சொல்றதுதான். யார்னா ஒருத்தரு சொல்றத கேட்டுக்கினேதான் இருந்தேன். இது ஒண்ணுதான் நான் சொல்றத கேக்குது" என்று தன் கையைத் திருப்பிக் காட்டினார்.

தையல் மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன். நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். அந்த வருடம் ஆணழகன் போட்டி மேடையில் அவர் போடும் ஜட்டியையும் நானே தைத்தேன், பளபள நீலத்தில். ஊரில் வேறு எந்தப் பெண்ணும் புருஷனுக்கு இப்படி ஒரு துணி தைத்திருக்க மாட்டாள்.

மாவட்டப் போட்டியில் அவர் தொடர்ந்து இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தார். உடம்பு இருக்கிறது, கட்டு இருக்கிறது, ஆனால் தோலுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, தசை வரி வரியாகத் தெரியவில்லை என்று நடுவர்கள் சொல்வார்களாம். அதற்காகத்தான் கடைசி வாரம் உப்பை நிறுத்துவது, முடியும் தறுவாயில் தண்ணீரையும் குறைப்பது எல்லாம். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருடம் ஜெயித்திருக்க வேண்டியதாம். போட்டிக்கு முந்தின நாள் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், ஒரு வாய் சாப்பிட்டால் என்ன என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். மரியாதைக்காக ஒரு தட்டு பிரியாணி சாப்பிட்டார். காலையில் உடம்பு ஊதிக்கொண்டது, கோப்பை போய்விட்டது. இனி மரியாதைக்காக ஒரு பருக்கைகூடத் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணியிருக்கிறார்.

இந்த லட்சணத்தில் அந்த வருடப் போட்டி வந்து நின்றது எங்கள் தலைதீபாவளி வாரத்தில். திங்கட்கிழமை தீபாவளி, அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் போட்டி.

என் அம்மா வீடு சாலவாக்கம் பக்கம் ஒரு கிராமம். நைனாவுக்கு, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம், தொழுவத்தில் மாடு. ஒரே பெண், ஒரே மாப்பிள்ளை, முதல் தீபாவளி. ஒரு மாதம் முன்னாலேயே வந்து முறைப்படி அழைத்துவிட்டுப் போனார். போனில் அம்மாவிடம் நான் தெளிவாகத்தான் சொன்னேன். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, இனிப்பு கூடாது, அவருக்கு வேண்டியதை அவரே டப்பாவில் எடுத்துக்கொண்டு வருவார் என்று.

"சரிடி சரிடி. நல்ல நாளும் அதுவுமா ஒரு வாயி வெச்சா இன்னா ஆயிடப் போவுது" என்றாள் அம்மா.

தீபாவளி விடியற்காலை எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரி. புது வேட்டி சட்டையில் மாப்பிள்ளை வந்து உட்கார, பங்காளி வீட்டார் எல்லாம் கூடத்தில் நின்று பார்க்க, அம்மா தலைவாழை இலை போட்டு இட்லியும் கறிக்குழம்பும் வடையும் வைத்தாள். அவர் இலையைக் கும்பிட்டார். பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உப்பில்லாமல் அவித்த கோழி, வெள்ளை வெளேர் என்று. அதை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

வெளியே யாரோ சரவெடி வைத்தார்கள், கூடத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். நைனா துண்டை எடுத்து ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். "போட்டி கீது இல்ல, அதான்" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட நம்பவில்லை என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

மறுநாள் நோன்பு. எங்கள் பக்கத்தில் தீபாவளியைவிட நோன்புதான் பெரிசு. அதிரசம் சுட்டு, கோயிலுக்கு எடுத்துப் போய்ப் படைத்துக்கொண்டு வந்து, கையில் நோன்புக் கயிறு கட்டி, ஆளுக்கு ஓர் அதிரசம் கொடுப்பார்கள். சாமிக்குப் படைத்தது, வேண்டாம் என்று சொல்கிற பேச்சே கிடையாது. அவர் கயிறு கட்டிக்கொண்டார். அதிரசத்தை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார். வைக்கும்போது அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். மற்றவர்கள் பார்த்தது தட்டில் வைத்த அதிரசத்தை மட்டும்தான்.

இதில் இன்னொரு சங்கடம். பட்டினியில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, பேச்சும் குறைந்துபோயிருந்தது. யாராவது கேட்டால் ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டிருக்கிறார். ஏதோ எதிர்பார்த்தார், மாமனார் செய்யவில்லை.

சித்தப்பா ஒருவர் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் நைனாவை ஓரம்கட்டி ரொம்ப நேரம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு அப்போது தெரியாது.

புதன்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். தொழுவத்தில் நைனாவும் இன்னொரு ஆளும் எதிரெதிரே நின்றிருந்தார்கள். இரண்டு பேருடைய வலது கையையும் ஒரு துண்டு மூடியிருந்தது. இரண்டு பேரும் பேசவே இல்லை. துண்டு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மாட்டுத் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். பக்கத்தில் எங்கள் செவலைப் பசு, சினையாக இருந்தது, அசை போட்டுக்கொண்டு நின்றது.

வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு ஓடினேன். "இன்னா நைனா பண்ற?"

நைனா என்னைப் பார்க்கவில்லை. "நீ உள்ள போ."

"சினை மாட்ட யார்னா விப்பாங்களா? இன்னா அவசரம் உனுக்கு?"

"மாப்ளக்கி ஒரு வண்டி எடுத்துக் குடுத்துடலாம்னு கீறேன். கல்யாணத் தரகரு அப்பவே சொன்னாரு, மாப்ள வேணான்னுட்டாரு. வாயால வேணான்னாரு, மனசுல இருந்திருக்கும் போல. நல்ல நாள்ல என் வூட்ல கை நனைக்காத உக்காந்துக்கினு கீறாரே. எனுக்கு சோறு எறங்கல, கண்ணு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நைனா மேலா, சித்தப்பா மேலா, அந்தப் பாழாய்ப்போன பிளாஸ்டிக் டப்பா மேலா? வீட்டுக்குள் போய் அவரை அப்படியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தொழுவத்தில் நிறுத்தினேன். "கேளுங்க. உங்களுக்கு வண்டி வாங்கித் தரணுமாம். அதுக்கு மாட்ட விக்கறாரு" என்றேன்.

அவர் மாட்டைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். அவருக்கு விளங்க நேரம் ஆனது. விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று.

"மாமா, நான் வண்டியே கேக்கலியே."

"கேக்கலதான் மாப்ள. கேட்டாதானா?"

சத்தம் கேட்டு அம்மா பின்வாசலுக்கு வந்துவிட்டாள். பிறகு அவர் அம்மா பக்கம் திரும்பி, "அத்த, எல போடுங்க. நான் சாப்புடறேன்" என்றார்.

அம்மா ஓடினாள். கண்மூடித் திறப்பதற்குள் கூடத்தில் இலை விழுந்தது, சோறு விழுந்தது, குழம்பின் வாசனை எழுந்தது. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கை சோற்றுக்குப் போனது. மாதக்கணக்காகத் தராசில் வைத்துத் தின்ற மனுஷன், உப்பு ருசிக்கே ஏங்கிப்போனவர், ஆனால் அந்தக் கை சோற்றை அளைந்ததே தவிர வாய்க்குப் போகவில்லை. திரும்பவும் மரியாதைக்காக ஒரு தட்டு. திரும்பவும் இரண்டாவது. அது தெரிந்தே உட்கார்ந்திருந்தார், என் அப்பாவுக்காக.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குனிந்து இலையை அப்படியே சோற்றோடு இழுத்துவிட்டேன். குழம்பு தரையெல்லாம் ஓடியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தலைதீபாவளி மாப்பிள்ளை முன்னால் போட்ட இலையை இழுத்தவள் அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"சட்டய கய்ட்டுங்க" என்றேன் அவரிடம்.

"இன்னாது?"

"கய்ட்டுங்க. எவ்ளோ சொன்னாலும் இவங்களுக்கு ஏறாது. கண்ணால பாக்கட்டும்."

மாமனார் மாமியார் எதிரில் எப்படி என்று அவர் கூசினார். கழற்றினார். நைனாவைப் பார்த்தபடி நின்று மூச்சை இழுத்து, கைகளை மடக்கினார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா கிட்டே வந்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மாட்டுச் சந்தையில் அவர் அப்படித்தான் பார்ப்பார். விலா எலும்புமேல் கை வைத்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார், விரலுக்குச் சிக்கவில்லை.

"தோலுக்கு அடில தண்ணி இருக்கக் கூடாது மாமா. உப்பு சாப்ட்டா தண்ணி நிக்கும். இருந்தா மார்க் போயிடும்" என்றார் இவர், கையை மடக்கியபடியே.

நைனா யோசித்தார். போன அறுப்பில் கொள்முதல் நிலையத்தில் அவருடைய நெல்லை ஈரம் என்று சொல்லித் தள்ளி வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்பக் காய வைத்து, திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவர் அவர்.

"ஈரப்பதம் பாக்கறானுங்களா?"

"அதேதான் மாமா."

"அந்தப் பேஜாரு இதுலயும் கீதா?" என்றார் நைனா. பிறகு அவர் குரல் மாறிவிட்டது. "அப்டின்னா இத்தினி நாளா பசியோடவா கீற நீ?"

வாங்க போங்க என்று மட்டுமே மாப்பிள்ளையிடம் பேசியவர். அந்த 'நீ' எப்படி வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. இவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. நைனா வெளியே போய்த் தரகரிடம், மாடு கொடுப்பதாக இல்லை, கிளம்பு என்று சொல்லிவிட்டு வந்தார்.

"போட்டி எப்ப முடியும்?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் மாமா."

"அப்ப ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்க தீபாவளி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் போட்டி நடந்த கல்யாண மண்டபத்து மாடியில், மணமகள் அறையில் வைத்து அவருக்கு நான்தான் சாயம் பூசினேன். விளக்கு வெளிச்சத்தில் தசை தெரிய உடம்பெல்லாம் கருஞ்சாயம் பூச வேண்டும். ஏற்கெனவே கறுப்பு, அதன் மேல் இன்னும் கறுப்பு. முந்தின நாளிலிருந்து தண்ணீர் நாக்கு நனைக்க மட்டும்தான். உதடு வெடித்திருந்தது. கிண்டல் பண்ணக்கூட எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை, முதுகை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனாவும் அம்மாவும் பஸ் பிடித்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மடியில் பெரிய டிபன் கேரியர், சுருட்டிய வாழை இலை. முதல் பையன் ஜட்டியோடு மேடைக்கு வந்ததும் அம்மா குனிந்து கேரியர் மூடியைச் சரி பண்ண ஆரம்பித்தாள், ரொம்ப நேரம் பண்ணினாள். நைனா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொருவராக எடை போட்டார். "அவன் தொடையில ஈரம் கீது. இவன் வயித்துல கீது" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் வேறு. நடுவராகவே ஆகிவிட்டார்.

கடைசியில் மேடையில் இரண்டு பேரை நிறுத்தினார்கள். இவரும், போன வருடம் ஜெயித்தவனும். அவன் இவரைவிடப் பெரிய ஆள். பக்கவாட்டில் நில், முதுகைக் காட்டு, கையைத் தூக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இவர் முதுகைக் காட்டியபோது ஒவ்வொரு நாரும் தனித்தனியாக எழுந்து நின்றது. வீட்டில் தினமும் பார்க்கிற முதுகுதான், ஆனால் நான் எழுந்து நின்றுவிட்டேன். நைனா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேலேயே ஏறி, "மாப்ள! விடாத மாப்ள!" என்று கத்தினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

இவருடைய கையைத்தான் தூக்கினார்கள்.

கழுத்தில் பதக்கமும் கையில் கோப்பையுமாக அவர் படியிறங்கி வந்தார். போட்டோ எடுக்கக் கூப்பிட்டவர்களிடம் கொஞ்சம் இருங்கள் என்று கை காட்டிவிட்டு, அந்தச் சாயத்தோடே, நான் தைத்த நீல ஜட்டியோடே, நேரே நைனாவிடம் வந்தார்.

"மாமா, எல போடுங்க."

நைனா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி எல்லாம் கருஞ்சாயம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தோம். அவர் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிவிட்டேன். அம்மா இரண்டு இலை போட்டாள், மாப்பிள்ளைக்கு ஒன்று, நைனாவுக்கு ஒன்று. அதிரசம், வடை, சோறு, கறிக்குழம்பு. தண்ணீர்ச் சொம்பை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு இவர் முதல் வாய் வைத்தார். மாப்பிள்ளை வைத்த பிறகுதான் நைனாவும் வைத்தார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்கள்.

"உப்பு தூக்கலா கீதே" என்றார் நைனா.

"ஆமா அத்த, கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார் இவர்.

நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. இவருக்கு நாக்கு மரத்துப்போயிருக்கும், சரி. நைனாவுக்கு என்ன வந்தது என்று அம்மாவைப் பார்த்தேன்.

"பின்ன எப்டி இருக்கும்?" என்றாள் அம்மா, கரண்டியை நைனா பக்கம் நீட்டி. "புதங்கெழமலேர்ந்து இந்த ஆளும் உப்பு இல்லாமதான் சாப்புடறாரு. மாப்ள அங்க வெறும் சோறு சாப்புடும்போது எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு உப்புன்னு கேட்டாரு."

நைனா யாரையும் பார்க்காமல் இலையில் இருந்த அதிரசத்தைப் பிட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிறகு தன் இலையிலிருந்து ஒரு வடையை எடுத்து நைனா இலையில் வைத்தார். வடைமேல் அவருடைய கறுப்பு விரல் தடம் பதிந்திருந்தது. நைனா அதை அப்படியே எடுத்துச் சாப்பிட்டார்.